பத்தில் ஒரு மில்லிமீட்டர்: நல்ல பட்டறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தஞ்சோங் பிடாரா கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி அல்-கவாரிஸ்மி வானியல் வளாகம் இருக்கிறது. நோன்பு மாதத்தின் தொடக்கத்தையும் பெருநாளையும் முடிவு செய்யப் பிறை பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் இப்போது பின்பற்றப்படும் அளவுகோலின்படி, சூரியன் மறையும் வேளையில் நிலவு தொடுவானத்திற்கு மேல் குறைந்தது 3 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். சூரியனிலிருந்து குறைந்தது 6.4 பாகை தள்ளியும் இருக்க வேண்டும்.

இந்த 3 பாகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே 2 பாகையில் இருப்பதால், சூரியனும் நிலவும் ஏறக்குறைய நேர்க்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. ஆகவே 3 பாகை உயரத்தில் உள்ள பிறை மறைய ஏறத்தாழ 12 நிமிடமே ஆகும். வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும். பிறையோ தலைமுடி போல மெல்லியதாக இருக்கும். அந்த 12 நிமிடத்துக்குள் தொலைநோக்கி சரியான இடத்தைப் பார்த்தாக வேண்டும்.

தொலைநோக்கி வழியே எவ்வளவு வானம் தெரியும்? பள்ளிகளில் உள்ள சாதாரணத் தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் குவியத் தூரம் 900 மி.மீ. கண் வில்லையின் குவியத் தூரம் 25 மி.மீ. இரண்டையும் வகுத்தால் உருப்பெருக்கம் 36 மடங்கு. அதில் தெரியும் வானத்தின் அகலம் ஏறக்குறைய 1.4 பாகை. 10 மி.மீ. கண் வில்லையைப் போட்டால் உருப்பெருக்கம் 90 மடங்காகும். தெரியும் வானமோ அரைப் பாகைக்குச் சற்று மேல்தான். பெரிய ரப்பர் காட்டில் ஒரு குழாய் வழியே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு மரத்தைத் தேடுவது போன்ற வேலை இது.

அதனால்தான் தொலைநோக்கியின் முதுகில் ஒரு சிறிய வழிகாட்டிக் கருவியைப் பொருத்துகிறார்கள். இன்று அதிகம் விற்பது சிவப்புப் புள்ளி வகை. அதில் உருப்பெருக்கம் எதுவும் இல்லை. ஒரு சின்ன கண்ணாடி, அதற்குப் பின்னால் கீழே ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, ஒரு பொத்தான் மின்கலம், அவ்வளவுதான். கண்ணாடி பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் அது மெல்ல வளைந்திருக்கும். விளக்கு அந்த வளைவின் குவியத்தில் இருக்கும். குழியாடியின் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால் என்ன நடக்கும்? எதிரொளிக்கும் கதிர்கள் இணையாக வெளிவரும். இணைக் கதிர்கள் கண்ணுக்குள் வந்தால், அவை மிகத் தொலைவில் உள்ள ஒரு பொருளிலிருந்து வருவதாகவே கண் எடுத்துக்கொள்ளும். ஆகவே சிவப்புப் புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பது போல் தோன்றாமல், வானத்தில் நட்சத்திரத்தின் பக்கத்திலேயே மிதப்பது போல் தோன்றும். தலையைச் சற்று நகர்த்தினாலும் புள்ளி இலக்கை விட்டு அதிகம் விலகாது.

இந்த யோசனையை 1900ஆம் ஆண்டில் காப்புரிமை செய்தவர் ஹோவர்ட் கிரப். அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொலைநோக்கி செய்துவந்தவர். அவருடைய நிறுவனம் செய்த 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று 1888இல் புனே நகருக்கு வந்து, பின்னர் தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கிரப் இந்தப் புள்ளி யோசனையைப் பதிவு செய்தது துப்பாக்கிகளுக்காகத்தான். வானத்துக்கு அது பிறகுதான் வந்தது.

இன்றும் சில நாடுகளில் விளையாட்டுக்குச் சுடுபவர்கள் கைத்துப்பாக்கியின் மேல் இதே சிவப்புப் புள்ளிக் கருவியைப் பொருத்துகிறார்கள். (ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் அதற்கு அனுமதி இல்லை.) அதற்காகத் துப்பாக்கியின் மேலே நகரும் எஃகுப் பகுதியில் ஓர் ஆழமற்ற குழியை மில்லிங் செய்ய வேண்டும். அந்தப் பகுதி ஒவ்வொரு முறை சுடும்போதும் மின்னல் வேகத்தில் பின்னே போய், நின்று, முன்னே வந்து மோதி நிற்கிறது. மேலே உள்ள கருவி நிலைமத்தால் தன் போக்கில் போகப் பார்க்கும். திருகாணிகள் மட்டும் அதைத் தாங்கினால் அவை விரைவில் தளரும் அல்லது முறியும். குழியின் சுவர்கள் கருவியைச் சுற்றி இறுக்கமாக அணைத்திருந்தால் அந்த விசையைச் சுவர்கள் வாங்கிக்கொள்ளும். திருகாணிக்குக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். அங்கே எந்தப் பட்டறையிடம் வேலையைக் கொடுப்பது என்று ஆட்கள் மாதக்கணக்கில் யோசிப்பது இதனால்தான். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். அதைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். ஆகவே நமக்கு அந்த வேலை இல்லை. ஆனால் அதே கருவி, அதே குழி, அதே கேள்வி நம் தொலைநோக்கிக்கும் வருகிறது.

எப்படி என்கிறீர்களா? கடையில் வாங்கும் சிவப்புப் புள்ளிக் கருவியின் அடிப்பாகம் பல நேரங்களில் நம் தொலைநோக்கியின் மேலுள்ள தாங்கியில் உட்காராது. இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு தேவைப்படும். தகட்டின் கீழ்ப்பக்கம் தாங்கிக்குள் நுழைய வேண்டும். மேல்பக்கக் குழியில் கருவி உட்கார வேண்டும். அரத்தால் ராவியே செய்துவிடலாம் என்று தோன்றும். செய்து பாருங்கள், தவறில்லை. ஆனால் கையால் ராவிய பரப்பு பெரும்பாலும் நடுவில் மேடாகவும் ஓரங்களில் பள்ளமாகவும் முடியும். மேடான பரப்பின்மேல் வைத்த கருவி, ஒரு கால் குட்டையான நாற்காலி போல ஆடும்.

ஆட்டம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. கருவியின் அடிப்பாகம் 45 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை 0.3 மி.மீ. தூக்கிக்கொண்டால், 0.3-ஐ 45-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள். 0.38 பாகை வரும். 90 மடங்கு உருப்பெருக்கத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை தெரியும் வானம் 0.28 பாகைதான். ஆக, புள்ளி பிறையின் மேல் இருக்கும், தொலைநோக்கியிலோ வெறும் வானம்தான் தெரியும். அதே தூக்கல் 0.05 மி.மீ. ஆக இருந்தால் பிழை 0.06 பாகை. பிறை கண்ணுக்குள் வந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தகடு முழுவதுமே ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கப்பட்டுவிட்டது என்று வையுங்கள். அது பெரிய சிக்கல் இல்லை. கருவியிலேயே உள்ள சரிசெய்யும் திருகாணிகளைத் திருப்பிப் புள்ளியை இழுத்துக்கொள்ளலாம். ஒருமுறை சரிசெய்தால் போதும். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் வேறு வேறு பக்கம் சாய்ந்தால் எந்தத் திருகாணியும் உதவாது. படிவம் ஒன்றில் கெஜிதுவான், கெபெர்சிசான், கெபெக்காவான் என்று மூன்று சொற்களை மனப்பாடம் செய்தீர்களே, நினைவிருக்கிறதா? மாறாத பிழை முதல் சொல்லைச் சேர்ந்தது. மாறிக்கொண்டே இருக்கும் பிழை இரண்டாவதைச் சேர்ந்தது. நம் தகட்டுக்கு இரண்டாவதுதான் முக்கியம். பட்டறைக்காரரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியதும் இதுவே: “குழியின் தளம் சமமாக இருக்கட்டும், கருவி பக்கவாட்டில் ஆடாமல் இருக்கட்டும். மற்ற அளவுகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.”

மில்லிங் இயந்திரம் என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை. லேத்தில் உலோகம் சுழலும், வெட்டும் கருவி நகரும். மில்லிங்கில் வெட்டும் கருவி சுழலும், உலோகம் மேசையோடு சேர்ந்து நகரும். அதனால் உருண்டையானவற்றை லேத்திலும், தட்டையானவற்றையும் குழிகளையும் மில்லிங்கிலும் செய்கிறோம். எல்லாப் பக்கமும் திருப்பக்கூடிய மில்லிங் இயந்திரம் 1862இல் அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த நேரம் அது. துப்பாக்கியின் ஒரு சிறு பாகத்தில் துளையிடத் தேவையான டிரில் அலகுகளின் முறுக்குப் பள்ளத்தை ஒருவர் கையால் ராவிக்கொண்டிருந்தார். அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றத்தான் அது பிறந்தது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த அளவு விவகாரம் புதிதல்ல. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1890களில் டான் சாய் யான் என்பவரால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் நடப்பட்டது. உறைந்த பாலை உருளைகளுக்கு நடுவே விட்டு ஷீட் போட்ட தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். இரண்டு உருளைகளுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் அதிகமானால் ஷீட் அந்தப் பக்கம் தடித்துப்போகும். புகைக்கூடத்தில் மெல்லிய பக்கம் காய்ந்த பிறகும் தடித்த பக்கம் ஈரமாகவே வெளுத்துக் கிடக்கும். தோட்டத்து ஃபிட்டர் வந்து இரு முனைத் திருகாணிகளையும் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிச் சரிசெய்வார். கையில் மைக்ரோமீட்டர் இல்லாவிட்டாலும் அது நுண்ணளவு வேலைதான்.

இனி பட்டறைக்குப் போவோம். மலாக்காவில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பத்து பெரண்டாம், ஆயர் கெரோ, செங் தொழிற்பேட்டைகளைச் சுற்றியும், பெகோவில் ஹோண்டா கார்த் தொழிற்சாலை இருக்கும் அலோர் காஜா பக்கமும் சின்னதும் பெரியதுமாக இருக்கின்றன. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அவற்றில் ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கவும் கூடும். முதலில் அவரைக் கேளுங்கள். எல்லாப் பட்டறையும் எல்லா வேலைக்கும் ஏற்றதல்ல. செம்பனை ஆலையின் பெரிய தண்டுகளையும் லாரி உறுப்புகளையும் கடைந்து தருபவர் அந்த வேலையில் மன்னராக இருப்பார். அவரிடம் உள்ளங்கையளவு அலுமினியத் தகட்டைக் கொடுத்தால் செய்து தருவார், ஆனால் அவருடைய கண்ணும் கருவியும் பழகியது வேறு அளவுக்கு. மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பிடிப்பான்களும் அச்சுகளும் செய்யும் பட்டறைதான் நமக்கு நெருக்கம். ஆகவே “வழக்கமாக என்ன செய்கிறீர்கள்? செய்த துண்டு ஒன்றைக் காட்டுவீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கைவேலைக்காரர் எவரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பெரும்பாலும் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றுக்கு நாலு துண்டுகளை எடுத்து நீட்டுவார்.

துண்டு கைக்கு வந்ததும் ஓரங்களை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பிசிர் குத்துகிறதா? திருகாணித் துளையின் வாய் சுத்தமாக இருக்கிறதா? யாரும் கேட்காத ஓரத்தைக்கூட வழித்துவிடுபவர் கேட்ட அளவையும் பார்த்துக்கொள்வார் என்பது என் கணிப்பு.

அடுத்தது அளவுக் கருவிகள். இயந்திரம் எவ்வளவு புதியது என்று நான் அதிகம் பார்ப்பதில்லை. சி.என்.சி. இயந்திரம் இருந்தால்தான் நல்ல பட்டறை என்று பலர் நினைக்கிறார்கள். முப்பது வருடப் பழைய இயந்திரத்திலும் கைதேர்ந்தவர் 0.02 மி.மீ. பிடிப்பார், புத்தம் புதிய இயந்திரத்திலும் அளந்து பார்க்காதவர் கோட்டை விடுவார். வெர்னியர் இடுக்கியும் மைக்ரோமீட்டரும் பெட்டிக்குள் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது சுத்தியலோடு ஒரே தட்டில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஊசி நகரும் டயல் கேஜ் இருக்கிறதா? வழவழப்பான கருங்கல் சமதள மேசை இருக்கிறதா? அதன்மேல் தேநீர்க் குவளை இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கருவிகளைக் கடைசியாக எப்போது ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள் என்றும் கேட்கலாம். பட்டறையின் மைக்ரோமீட்டரை ஓர் ஆய்வகம் சரிபார்க்கிறது. அந்த ஆய்வகத்தின் அளவுக் கட்டைகளை இன்னொரு மேல்நிலை ஆய்வகம் சரிபார்க்கிறது. இப்படியே ஏறினால் அந்தச் சங்கிலி சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகத்தில் போய் முடிகிறது. ஜாசினில் அளந்த ஒரு மில்லிமீட்டரும் ஜெர்மனியில் அளந்த ஒரு மில்லிமீட்டரும் ஒன்றாக இருப்பது இந்தச் சங்கிலியால்தான்.

வெப்பமும் அளவை மாற்றும். உலகம் முழுவதும் நீள அளவுகள் 20 பாகை செல்சியஸில் சொல்லப்படுகின்றன. நம் பட்டறைகளில் மதியம் 32 பாகை சாதாரணம். அலுமினியம் ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். 100 மி.மீ. தகடு 12 பாகை கூடினால் ஏறத்தாழ 0.028 மி.மீ. நீளும். எஃகு அதில் பாதிதான் நீளும். நம் சின்னத் தகட்டுக்கு இது பொருட்டல்ல. ஆனால் வெட்டிய சூட்டோடு அளக்காமல், துண்டை ஆறவிட்டு அளப்பவரைப் பார்த்தால் மனத்துக்குள் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். மெல்லிய தகட்டை வைஸில் வைத்து அளவுக்கு மீறி இறுக்கினால் அது வில்லாக வளையும். வளைந்த நிலையில் இயந்திரம் தளத்தைச் சமமாகச் செதுக்கும். வைஸைத் தளர்த்தியதும் தகடு நிமிரும். சமமாக இருந்த தளம் வளைந்துவிடும். மீள்தன்மை பாடத்தில் படித்ததுதான். இயந்திரத்தில் இருக்கும்போது அளந்தால் இது தெரியவே தெரியாது. “தகடு மெல்லியது, எப்படிப் பிடிப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் அடியில் இணைக் கட்டைகள் வைப்பதாகச் சொல்வார். இன்னொருவர் தடித்த கட்டையிலேயே குழியைச் செதுக்கிவிட்டுக் கடைசியில் அடியை மெலிதாக்குவதாகச் சொல்வார். எந்தப் பதிலானாலும் சரி, அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

இதைவிடவும் நல்ல அடையாளம், அவர் உங்களைக் கேட்கும் கேள்விகள். தாளைப் பார்க்காமலேயே “போலே, போலே, நாளைக்கு வா” என்று சொல்லும் தவுக்கேயைவிட, “உன் கருவியைக் கையோடு கொண்டுவந்தாயா? திருகாணி எந்த அளவு? எந்தப் பக்கம் முக்கியம்?” என்று துருவும் தவுக்கே மேல். கருவியைக் கட்டாயம் கொண்டு போங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

வரைபடம் உங்கள் பொறுப்பு. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று எழுத வேண்டும். இதை டாலரன்ஸ் என்பார்கள். எழுதாமல் விட்டால் பட்டறைகள் பொது விதியை எடுத்துக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் ஐ.எஸ்.ஓ. 2768 நடுத்தர வகுப்பின்படி 30 முதல் 120 மி.மீ. வரையுள்ள நீளத்துக்கு 0.3 மி.மீ. முன்பின் ஆகலாம். 0.3 என்ன செய்யும் என்று மேலே கணக்குப் போட்டோமே! அதற்காக எல்லா இடத்திலும் 0.01 என்று எழுதிவிடாதீர்கள். அளவு இறுக இறுக வேலை நேரமும் கூலியும் ஏறும். குழியின் அகலத்துக்கும் தளத்தின் சமத்துக்கும் மட்டும் 0.05 கேளுங்கள். வெளி ஓரங்களுக்கு 0.3 தாராளம்.

மாணவர்கள் வரைவதில் அடிக்கடி நான் பார்க்கும் ஒன்று, குழியின் உள்மூலைகளைக் கூர்மையான செங்கோணமாக வரைவது. சுழலும் வெட்டுக்கருவி உருண்டையானது. 6 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில் எந்த உள்மூலையிலும் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுத்தான் செல்லும். உங்கள் கருவியின் மூலை கூர்மையாக இருந்தால் அது உட்காராது. மூலையில் வெட்டுக்கருவியைச் சற்று வெளியே தள்ளிச் சின்னக் காது போல வெட்டிவிடுவது ஒரு வழி. மெல்லிய கருவியால் வெட்டுவது இன்னொரு வழி, ஆனால் அது மெதுவானது, எளிதில் முறியக்கூடியது. திருகாணித் துளையையும் மறக்காதீர்கள். எம்4 திருகாணியின் புரி இடைவெளி 0.7 மி.மீ.; ஆகவே முதலில் 3.3 மி.மீ. டிரில், பிறகு டேப். அலுமினியம் மென்மையானது என்பதால் திருகாணி தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கினால்தான் புரி தேயாது.

கூலி ஏன் ஒரே ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று திகைப்பீர்கள். வெட்டும் நேரம் பத்து நிமிடமாக இருக்கலாம். வைஸை நேராக்கி, டயல் கேஜ் வைத்துப் பார்த்து, கருவியை மாட்டி, தொடக்கப் புள்ளியைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். நூறு துண்டு செய்தாலும் அந்த ஒரு மணி நேரம் ஒருமுறைதான். ஒரு துண்டு செய்தாலும் அதே ஒரு மணி நேரம்தான். பக்கத்துப் பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கும் அதே தகடு தேவையென்றால் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். வேலை குறைந்த நாளில் போய்க் கேட்பதும் உதவும். பட்டறைக்குப் பணம் கட்ட வழியில்லையென்றால், தொழிற்கல்விக் கல்லூரிகளிலும் அலோர் காஜா பக்கமுள்ள அட்டெக் மலாக்காவிலும் இதே இயந்திரங்களில் மாணவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். ஆசிரியர் மூலம் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள்.

தகடு கைக்கு வந்ததும் அங்கேயே சோதியுங்கள். முதலில் திருகாணி போடாமல் கருவியைக் குழியில் வைத்து மூலைகளை மாறி மாறி விரலால் அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் தளம் சமமில்லை. பக்கவாட்டு இடைவெளியில் சாதாரண அச்சுத் தாளை நுழைத்துப் பாருங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. தாள் தாராளமாக நுழைந்தால் குழி அகலம் கூடிவிட்டது. குறை இருந்தால் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். எழுதிய அளவு உங்கள் பக்கம் இருக்கும்வரை குரலை உயர்த்தத் தேவை இருக்காது.

கடைசிச் சோதனை பள்ளித் திடலில், பகலில். சூரியன் இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் தொலைவில் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றின் உச்சியைத் தொலைநோக்கியின் நடுவில் பிடித்து, சிவப்புப் புள்ளியையும் அதன்மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு கருவியைத் தகட்டோடு கழற்றி மீண்டும் மாட்டுங்கள். புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பத்து முறை. பத்துக் குறிப்புகளும் கோபுரத்தின் உச்சியைச் சுற்றியே நெருங்கி இருந்தால் தகடு வேலைக்குத் தயார். சிதறியிருந்தால் எந்தப் பக்கம் சிதறியிருக்கிறது என்பதே எங்கே ஆட்டம் என்று சொல்லிவிடும்: மேலும் கீழுமாகச் சிதறினால் தளம், இடமும் வலமுமாகச் சிதறினால் குழியின் அகலம்.

பிறை பார்க்கும் நாளில் ஓர் எச்சரிக்கை. சூரியனும் பிறையும் ஆறேழு பாகை இடைவெளியில்தான் இருக்கும். சூரியன் முழுவதும் கடலுக்குள் மறையும்வரை தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. சிவப்புப் புள்ளிக் கருவி வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. அதில் எந்த வடிகட்டியும் இல்லை. சூரியனின் கடைசி விளிம்பு மறைந்ததை ஆசிரியர் சொன்ன பிறகே கண்ணை வில்லைக்குக் கொண்டுபோங்கள். அப்போது உங்கள் கையில் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்.